நான் எழுதிய சம்பளம்

12-2-1955, சனி.

வேலை தருவதாக ஒரு முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் மலாயா போக அனுமதி கிடைக்கும். இன்று திருமயத்தில், நான் கணக்கு எழுதும் எங்கள் முதலாளியைப் பார்த்தேன். அவருடைய பினாங்குக் கடைக்குக் கணக்குப்பிள்ளை தேவைதான். ஆனால் பெரிய சம்பளக்காரர்களை மட்டும்தான் அங்கே இறங்க விடுகிறார்களாம்.

"கடுதாசியில சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குடுங்கய்யா" என்றேன்.

அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பினாங்குக் கடைகளின் சம்பளங்களையெல்லாம் ஒப்பிட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு போதும் என்று போன வருஷம் நானே எழுதிக் கொடுத்த பட்டியல்.

"கணக்குப்பிள்ளைக்கு இம்புட்டுப் போதும்னு நீதானப்பா எழுதியிருக்கே?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இனி யாரிடம் போய் நிற்பது, தெரியவில்லை. அந்தப் பட்டியலுக்காக அன்று ஒரு வேட்டி கொடுத்துப் பாராட்டினார். இன்று அதைத்தான் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.