இழுத்தால் அறுக்கும் வாள்

வெள்ளவத்தை,
17.06.1996

அன்புள்ள மகன் கதிர்காமநாதனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் ஒசாக்காவில் அப்படியே இருக்கவேண்டும். நீ அனுப்பிய மரம் அறுக்கும் வாள் கிடைத்தது, அதைப் பற்றி எழுதாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் தச்சுப் பட்டறையை விட்டு வந்த நாளிலிருந்து அப்பா இந்த அறையில் சும்மா இருந்தவர், தன் கை இனி ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லிச் சொல்லியே மெலிந்துபோனார். போன கிழமை மாளிகாவத்தையில் மரத் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் ராசிக் அப்பாவின் கைவேலையைக் கேள்விப்பட்டு வந்து, மகள் பைறோஸாவின் கலியாணத்துக்குத் தேக்கில் நகைப்பெட்டி ஒன்று வேண்டும், மூலைகளில் ஆணியே இருக்கக்கூடாது, விரலோடு விரல் கோத்ததுபோல் மரம் பொருந்தவேண்டும் என்றார். "கரண்ட் வெட்டுறாங்க ஐயா, மெஷினெல்லாம் சும்மா கெடக்குது, கையால செஞ்சி தாங்க, நல்லா வந்தா நம்ம பட்டறைக்கே வேலைக்கு வந்திருங்க" என்றார். அப்பா அந்தச் சந்தோஷத்தில் கை கழுவாமலே சோற்றுக்கு உட்கார்ந்தார்.

உன் வாளை எடுத்தவர் நாற்பது வருஷப் பழக்கத்தில் முன்னால் தள்ளினார். தகடு மெல்லிசுதானே, நடுவில் வளைந்துவிட்டது. "இது வாளே? விளையாட்டுச் சாமான், உன்ர மோன் என்னைப் பகிடி பண்ணுறான்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வாள் சுற்றி வந்த தாளை எடுத்துப் பார்த்தேன், எழுத்து ஒன்றும் விளங்கவில்லை, படத்தில் அம்புக்குறி மட்டும் பிடியின் பக்கம் பார்த்திருந்தது. இஞ்சாருங்கோ, உங்கட பக்கம் இழுத்துப் பாருங்கோ என்றேன். உனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார், எழும்பவில்லை. நான் ஒரு விறகுத் துண்டை வைத்து நானே இழுத்தேன். தம்பி, வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. சத்தத்தைக் கேட்டு எழும்பி வந்து என் கையிலிருந்து வாளைப் பறித்தார்.

வளைந்த தகட்டைப் பலகையில் வைத்து மெல்ல நிமிர்த்தி, மூன்று நாள் ஒரே இருப்பில் இருந்து பெட்டியை முடித்தார். மூலைகளில் என் நகம்கூடப் போகவில்லை. ராசிக் நேற்று வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்று திங்கட்கிழமையே வேலைக்கு வரச்சொன்னார். ஆமி செக்பொயின்டில் மறித்தால் காட்டத் தன் பட்டறை ஆள் என்று கடிதமும் தந்து, அப்பா வாளோடு பிடிபடக்கூடாதென்று அதையும் தன் வான் வண்டியிலேயே கொண்டுபோனார். இன்று காலை அடையாள அட்டையையும் கடிதத்தையும் நானே அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிட்டேன், ஆள் வீடு வந்து சேரும்வரை பயம்தான், ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் வந்தால் காதை மூடிக்கொண்டு போ. இன்னுமொரு தகடு அனுப்ப மறக்காதே. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்.

அப்பா ஏன் உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பிள்ளையின் கையைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் அவனுக்கு என்னத்தை எழுதுவது என்பார், நான்தான் உனக்குச் சொல்லவில்லை. இன்று காலை படியிறங்கிப் போனவர் திரும்பி ஏறிவந்து, "கடிதத்தில எனக்கும் இடம் விடு, பின்னேரம் வேலையால வந்து எழுதுறன்" என்றார். அதனால் என் பெயரை இங்கேயே போட்டுவிட்டு, கீழே பாதித் தாளை விட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ஜெகதீஸ்வரி