கால்வாய் ஊரில் உன் அக்கா

அமோய்,

இன்று காலை மெல்பர்ன் ஓரத்துப் பாயின்ட் குக்கில், மகன் வீட்டு அடுப்பில் எருமைப் பால் பொங்கி வழிந்தது. "அத்தை, எருமைப் பால் கெடச்சுது, தயிர் கெட்டியா வரும்" என்று மருமகள் ஆசையாக வாங்கி வந்திருந்தாள். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் அந்த வாசனையில் நின்றுவிட்டேன். எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்து அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலைசுற்றல் ஒன்றுமில்லை. உன் அக்கா இரண்டு கையாலும் நீட்டிய கிண்ணம் கண்முன் வந்துவிட்டது. நீ கண்மூடி ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. இந்தக் கதையைப் பேச உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கிழவியான பிறகும் உன்னை அமோய் என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் சீனப் பெண் பிள்ளைகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். உன் அப்பாவின் மளிகைக் கடை தோட்டத்து முகப்பில் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். உப்பும் கருவாடும் கேட்டு வந்தவர்களிடமிருந்து நீ தமிழைக் காதாலேயே பிடித்துக்கொண்டாய். எங்கள் வசவுகளையும் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டாய்.

தாதியர் பயிற்சிக்கு மெல்பர்ன் வந்து, வேலை கிடைத்து, ஃபுட்ஸ்கிரேயில் ஒரே வீட்டில் தங்கினோம். எழுபதுகளில் இங்கே தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று நம்மைத் தீபாவளிக்கு அழைத்திருந்தது நினைவிருக்கிறதா? "உங்கட சிநேகிதிக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குதோ?" என்று அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வெளங்காம என்னாங்க, நான் தோட்டத்துச் சீனத்தி. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க." அவர் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

உனக்கு யார் பார்த்தாலும் கவலையில்லை. எனக்கு இருந்தது. டிராமில் நாம் தமிழில் பேசினால் முன்னால் இருப்பவர்கள் திரும்புவார்கள். சேலை கட்டிய நாளில் நான் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்துகொள்வேன்.

உன் அக்காவைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது உன் அம்மாதான், அவருடைய அரைகுறைத் தமிழில். "சீனாவுல கப்பல் ஏறுற நாளு மூத்தவளுக்கு அம்மை போட்டுருச்சி. கப்பல்காரன் ஏத்த மாட்டேன் சொல்லிட்டான். மாமன் வீட்ல வுட்டுட்டு வந்தேன். அடுத்த வருசம் கூப்புடலாம் நெனச்சேன். சண்ட வந்திருச்சி." அப்போது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. நீ மலாயாவில் பிறந்தவள், அவளைப் பார்த்ததே இல்லை. போர் முடிந்த பிறகு வழிகள் அடைபட்டன. சில காலம் வந்துகொண்டிருந்த கடிதங்களும் பிறகு நின்றுபோயின.

சாகும்போது உன் அம்மா உன்னிடம் ஒன்றுதான் கேட்டார். பொட்டப் பிள்ளை என்பதால் தன்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்று மூத்தவள் நினைத்திருப்பாள், அப்படி இல்லை என்று நேரில் போய்ச் சொல் என்றார்.

மலேசியக் கடவுச்சீட்டோடு அந்தக் காலத்தில் சீனாவுக்குப் போவது எளிதல்ல. நாம் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியிருந்தோம். எழுபதுகளின் கடைசியில் மெல்பர்னிலிருந்து ஒரு சுற்றுலாக் குழு புறப்படுவதைக் கேள்விப்பட்டு, நீ நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாய். "நான் எதுக்குடி?" என்றேன். "அவ என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டா, திரும்பி வரப்ப கூட ஆள் வேணாமா புள்ள?" என்றாய். அன்றைக்குத்தான் உன் பயத்தை முதல்முறை பார்த்தேன்.

கான்டன் நகரில் நம் குழுவின் வழிகாட்டி, கண்ணாடி போட்ட ஒல்லியான இளைஞர், மாமன் ஊரில் அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற உன் வேண்டுகோளை மேலிடத்தில் சொல்லி அனுமதி வாங்கித் தந்தார். நம் பேருந்து, ஆறு குறுக்கிடும் இடமெல்லாம் மிதவைப் படகுக்குக் காத்து நின்று, மல்பெரிச் செடிகளுக்கும் மீன் குளங்களுக்கும் இடையில் ஊர்ந்தது. கிளம்பும்போது என் மாம்பழ நிறச் சேலையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பளிச்சுன்னு எதுக்கு? ஊரே பாக்கும்" என்றாய். நல்ல காரியத்துக்குப் போகும்போது வேறு எப்படிப் போவது என்று கேட்டேன்.

அந்த ஊரின் அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். இரண்டு கரையிலும் சாம்பல் நிறச் செங்கல் வீடுகள், ஒவ்வொரு வாசலிலிருந்தும் நீருக்குள் இறங்கும் கல்படிகள். முதுகு வளைந்த பழைய கல்பாலங்கள். ஆலமரம் கால்வாய்க்கு மேல் சாய்ந்து நிழல் போட்டிருக்க, அதன் கீழே கீரைக் கட்டு ஏற்றிய ஒரு படகு போயிற்று. துடுப்புச் சத்தமும் படியில் துணி அடிக்கும் சத்தமும் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. நம் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள்கூடத் தாமாகவே குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஊரைப் பார்க்கப் போக, நம்மை ஓர் அலுவலக அறைக்கு அழைத்துப் போனார்கள். மேசையில் மூடி போட்ட தேநீர்க் குவளைகள். இரண்டு அதிகாரிகள், வழிகாட்டி, ஓரத்து நாற்காலியில் உன் அக்கா. நீலச் சட்டை, காதளவு கத்தரித்த முடி, எருமைப் பண்ணையில் வேலை செய்து காய்த்த கைகள். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். வெளிநாட்டில் உறவு இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே ஒருவருடைய வாழ்க்கையையே புரட்டிப் போட்டிருக்கிறது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

நீ எழுந்து உன் வீட்டுச் சீனத்தில் பேசினாய். அவள் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். உன் முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்.

"அவ அப்பா அம்மா தெற்குக் கடல் தாண்டி மலாயாவுக்குப் போனது நெசமாம், ஆனா நான் யாருன்னு தெரியாதுங்குறா. புள்ள, இவதான். அம்மா மூஞ்சி அப்படியே இருக்கு. இத்தன பேர் முன்னால வாயத் தொறக்க மாட்டா."

"எத்தன நேரம் வேணும்?"

"கொஞ்ச நேரம் தனியா விட்டாப் போதும்."

"சரி, நீ இவகிட்ட பேசு. மத்தவங்கள நான் இழுத்துட்டுப் போறேன்."

வழிகாட்டி நம்மை மாறி மாறிப் பார்த்தார். இது அவர் படித்திருந்த எந்த மொழியும் இல்லை. நான் எழுந்து, முந்தானையை நன்றாக விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்குப் பாலத்தைப் பார்க்க வேண்டும், உடனே பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தேன்.

டிராமில் ஒடுங்கி உட்காருகிறவளா இவள் என்று நீ பிறகு கேட்டாய். எனக்கே தெரியாது. முதலில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிறகு படியில் துணி துவைத்தவர்கள், சைக்கிளில் போனவர்கள், வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தார். பாலத்தின் உச்சிக்கு நான் ஏறியபோது பின்னால் தேருக்குக் கூடிய கூட்டம் போல ஊர் நின்றது. வெளிநாட்டுக்காரி ஒருத்தி தண்ணீரில் விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது? வழிகாட்டி மூச்சு வாங்க ஓடி வந்தார். இரண்டு அதிகாரிகளும் அவருக்குப் பின்னால் வந்தார்கள்.

நெற்றியில் அடிபட்டதா என்று கேட்கிறார்கள் என்றார் வழிகாட்டி. நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன். ஒரு பாட்டி கட்டைவிரலால் குங்குமத்தைத் தேய்த்து, விரலைப் பார்த்து, எல்லோருக்கும் காட்டினார். சேலையில் தையல் எங்கே என்று பெண்கள் தேடினார்கள். தையலே இல்லை என்று முந்தானையை நீட்டினேன். ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டு அதன் நீளத்தைப் பார்த்து வாய்பிளந்தார்கள். கூட்டத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். வயிற்றைப் பார்த்தே, ஏழு மாதம் என்று விரல் காட்டினேன். நான் மருத்துவச்சி, அது என் தொழில். அவள் வெட்கத்தோடு தலையாட்டினாள். பாலமே சிரித்தது. அதிகாரிகளும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை கண்கள் ஒன்றாக என்மேல் பட்டதில்லை. அன்று ஒன்றுகூட உறுத்தவில்லை.

அப்போது கரையோரம் நீ வருவதைப் பார்த்தேன். பக்கத்தில் உன் அக்கா. கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் நேராக என்னிடம் வந்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த, பால் ஆடை படர்ந்த ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். எருமைப் பாலைக் காய்ச்சி, முட்டை வெண்கரு சேர்த்து ஆவியில் உறையவைத்தது. பிறகு வழிகாட்டியையும் அதிகாரிகளையும் பார்த்து உரக்க ஏதோ சொன்னாள். வழிகாட்டி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "இவள் என் கூடப் பிறந்த தங்கை. இந்தப் பெண் என் தங்கைக்குத் தங்கை. இருவரும் என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும்."

திரும்பும் வழியில், மிதவைப் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உள்ளே நடந்ததைச் சொன்னாய்.

"அம்மை, கப்பல் எல்லாம் சொன்னேன். குறுக்கப் பேசாம கேட்டா. கடைசில ஒண்ணுதான் கேட்டா, அம்மாவுக்கு முடி முழுசா நரச்சிருந்துச்சான்னு. ஆமான்னேன். தொட்டுப் பாக்கணும் போல இருக்குன்னு என் தலைய தடவுனா. அப்புறம், கோவம் இன்னிக்கே போயிருச்சின்னு நெனைக்காத, நாப்பது வருசக் கோவம், நீ அடிக்கடி வான்னு சொன்னா."

நீ அடிக்கடி போனாய். ஒவ்வொரு முறையும் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று வந்து சொல்வாய். அவள் மகள் பிறகு மெல்பர்னுக்கே குடிவந்து பாக்ஸ் ஹில்லில் வீடு வாங்கினாள். உன் அக்கா கண்மூடியபோதும் நீதான் பக்கத்தில் இருந்தாய்.

உன் இறுதிச் சடங்கில் சீனமும் ஆங்கிலமும் மாறி மாறி ஒலித்தன. என் முறை வந்தபோது நான் தமிழில் பேசினேன். "ஆன்ட்டி, இங்கிலீஷ்ல சொல்லலாமே" என்று உன் மகன் ஆங்கிலத்திலேயே காதோரம் கிசுகிசுத்தான். "மத்தவங்களுக்கு இங்கிலீஷ்ல நிறைய பேர் சொல்லியாச்சு, இது உங்கம்மாவுக்கு" என்றேன். மண்டபத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. அவசரப்படாமல் பேசி முடித்தேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். போன மாதம் என் முழங்கால் வலிக்கு உன் அக்கா மகள்தான் காரோட்டி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுடைய உடைந்த ஆங்கிலத்தை வைத்து ஓட்டுகிறோம். ஆனால் என்னை அவள் 'ஆ-யீ' என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்குச் சின்னம்மா என்று அர்த்தம் என நீ முன்பே சொல்லியிருக்கிறாய். முன்னறையில் இருந்த பெண் விவரம் பதிவு செய்துகொண்டே, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று அவளிடம் கேட்டாள்.

"அம்மாவின் தங்கை" என்றாள் அவள், கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அவள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு, சரிதானா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, அப்படியே எழுதிக்குங்க" என்று தலையாட்டிக்கொண்டே அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னேன்.