காதுக்குப் பின்னால் முப்பத்தி நாலு

மார்ச் 3, செவ்வாய்

மரம் என்னுடையது. கைதட்டல் இன்றைக்கும் யானைக்கு.

எந்தக் கோடு முதலில், எது கடைசியில், எந்த இடத்தில் சிவப்பைத் தொட வேண்டும் — மாதிரிப் படம் முழுக்க நான் போட்டுக் கொடுத்தது. பதினேழு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவள். ஓவிய வகுப்பே வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். இப்போது இந்த யானைப் பூங்காவில் சாயம் கலக்குகிறேன், பிரஷ் கழுவுகிறேன், காட்சி நேரத்தில் மைக் பிடித்துப் பேசுகிறேன். முடிந்ததும் படத்தின் கீழே அட்டை ஒட்டுவதும் நான்தான்: "வரைந்தவர்: ஓவியராணி." வரைந்தவராம். ஒரு யானைக்கு மரியாதை வேறு!

தம்பியிடம் புலம்பினேன். ராணிக்குப் பாகன் அவன்தான். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். "விடுக்கா, போயும் போயும் ஆனை கூடவா போட்டி போடுவ?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4, புதன்

அட்டை எழுதும்போது பேனா தீர்ந்து போனது. நல்லதாகப் போயிற்று என்று நினைப்பதற்குள் மேனேஜர் தன் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்து நீட்டினார்.

மார்ச் 8, ஞாயிறு

காட்சி முடிந்து ஒரு அம்மாள் படத்தின் முன்னால் நின்று அழுதார். "மரம் ஏன்மா இப்படித் தனியா நிக்குது? அவ பொறந்த காட்டை நெனச்சிருப்பாளோ?"

மரம் தனியாக நிற்பதற்குக் காரணம், ஆறு நிமிடக் காட்சியில் ஒரு மரத்துக்கு மேல் முடியாது என்பதுதான். ஆனால் நான் என்ன சொன்னேன்? "இருக்கும்மா. அவ மனசுல என்னென்ன இருக்கோ" என்றேன். வாய் கூசவில்லை. என் மரத்தைப் பார்த்து ஒருத்தர் அழுகிறார், அதை நான் யானைக்குத் தாரை வார்க்கிறேன். வீடு வரும் வரை பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 14, சனி

ராணியால் என்னதான் முடியும் என்று பார்த்துவிடுகிறேன் என ஒரு புது மாதிரி போட்டேன். பூங்கொத்து. ஐந்து பூ, இதழெல்லாம் வளைவு, காம்புகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. என்னுடைய பழைய கை திரும்பி வந்த மாதிரி இருந்தது.

தம்பிக்குப் பிடிக்கவில்லை. "வளைவு வேண்டாம்க்கா. நேர்கோடா போட்டுக் குடு."

"உனக்குச் சோம்பேறித்தனம்" என்றேன்.

"சொன்னா கேளுக்கா."

கேட்கவில்லை. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "டீச்சர், இதை தினம் ரெண்டு காட்சிக்கும் வெச்சிடலாம்" என்றார். டீச்சர் என்று கூப்பிட்டதில் எனக்கும் கொஞ்சம் குளிர்ந்தது. மறைப்பானேன்.

மார்ச் 19, வியாழன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மாதாமாதம் வருகிற கால்நடை டாக்டர் இன்று வந்திருந்தார். உதவிக்கு ஆள் இல்லை என்று என்னை மருந்துத் தட்டைப் பிடிக்கச் சொன்னார். ராணியின் இடது காதைத் தூக்கினார். பின்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில், புள்ளி புள்ளியாகக் காயம். சிலது காய்ந்து கறுத்திருந்தது. சிலது இன்னும் ஈரம்.

"போன மாசம் பதினொண்ணு எண்ணினேன். இப்ப முப்பத்தி நாலு. இங்க புதுசா என்ன ஆரம்பிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

பூங்கொத்து. புதிதாக ஆரம்பித்தது என் பூங்கொத்து.

தட்டு என் கையிலிருந்து விழவில்லை. விழுந்திருக்கலாம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "எழுதி மேலே அனுப்பிட்டுத்தான் இருக்கேன். படிக்கத்தான் ஆளில்லை" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

தம்பியைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். கையைத் திற என்றேன். திறந்தான். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு ஆணி. நுனி மட்டும் வெளியே.

"காதை மேல தூக்கினா கோடு மேல போகும். பக்கத்துல இழுத்தா பக்கத்துல. வளைவுக்குத்தான்க்கா இது" என்றான். பாடம் சொல்கிற மாதிரி சொன்னான்.

"பாவி, இத்தனை நாளா..."

"உனக்குத் தெரியாதா? தெனம் ரெண்டு தரம் பத்தடி தூரத்துல நின்னு பார்க்கிற. காதைப் புடிச்சுக் கொஞ்சுறேன்னா நெனச்ச?"

ஆமாம். அப்படித்தான் நினைத்தேன். மைக்கில் அப்படித்தான் சொல்லவும் சொன்னேன்: "பாகனுக்கும் ராணிக்கும் உள்ள பாசத்தைப் பாருங்க!"

"வளைவு வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டான்.

சொன்னான். சொன்னான். சொன்னான்டீ உன்கிட்ட. உனக்குக் கைதட்டல் கேட்டுச்சு.

மார்ச் 23, திங்கள்

மேனேஜரிடம் போனேன். உட்காருங்க டீச்சர், டீ சொல்லட்டுமா டீச்சர். காயத்தைப் பற்றிச் சொன்னதும், "அவ்ளோ பெரிய உடம்பு, குண்டூசி மாதிரி ஒரு குத்து. கொசுக்கடிதான்" என்றார். அவர் காதைப் பிடித்து முப்பத்தி நாலு கொசுவை விட வேண்டும் என்று தோன்றியது.

பேச்சோடு பேச்சாக அடுத்த திட்டத்தையும் சொன்னார். பூங்காவின் ஆண்டு விழாவுக்கு ராணி தன்னைத் தானே வரைய வேண்டுமாம். யானை வரைகிற யானை. "வளைவு வளைவா அழகா ஒண்ணு போட்டுக் குடுங்க."

யானை உடம்பில் நேர்கோடு எங்கே இருக்கிறது?

மார்ச் 24, செவ்வாய்

வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

நான் மாட்டேன் என்றதால் என்ன நின்றது? கம்ப்யூட்டரில் ஒரு யானைப் படத்தை எடுத்து அச்சடித்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டார்கள்.

நீயும் மாட்டேன்னு சொல்லுடா என்றேன். "சொன்னா இன்னொரு பாகன் இருக்கானே, அந்த மீசைக்காரனை விடுவாங்க. அவன் அங்குசம் வெச்சிருக்கான். நான் லேசா குத்துறேன்க்கா. அவனுக்கு லேசுன்னா என்னன்னே தெரியாது."

லேசாகக் குத்துகிறவன் நல்லவன் என்று ஆகிவிட்டதே இந்த இடத்தில். கத்தினேன். அவனும் கத்தினான். ராணி ஓலையைத் தின்றுகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தது.

வேலையை விடவில்லை. மைக் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

ஆண்டு விழா. உட்கார இடமில்லாமல் கூட்டம்.

ராணியை மேடைக்குக் கொண்டுவந்து, தும்பிக்கையில் பிரஷைக் கொடுத்து, தம்பி இடது காதைப் பிடித்தான். நான் மைக்கை எடுத்தேன். "இன்னைக்கு ஒரு விசேஷம். பாகன் காதுலேருந்து கையை எடுத்துடுவார். ராணி தானாவே வரையப் போறா!"

கூட்டம் கைதட்டியது. மேனேஜர் முகம் போன போக்கு! தம்பி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவன் பிறந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. ஆயிரம் பேர் கைதட்டும்போது என்ன செய்வான்? கையை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றான்.

ராணி வரையவில்லை. பிரஷைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது. சாயம் சொட்டியது. பிறகு பிரஷைக் கீழே போட்டுவிட்டு, தும்பிக்கையால் தம்பியின் கையைத் தேடிப் பிடித்து, இழுத்து, தன் காதில் கொண்டுபோய் வைத்தது.

அதே கையை. அதே இடத்தில்.

எழுத முடியவில்லை. குத்தி முடித்தால்தான் சாப்பாடு என்று அதற்குத் தெரியும். வேறென்ன?

கூட்டம் "ஐயோ, எவ்ளோ பாசம்!" என்று உருகியது. நான், "கையைத் திறந்து காட்டச் சொல்லுங்க! அந்தக் கைக்குள்ள..." என்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். வெறும் தொண்டையால் கத்தினேன், யாருக்கும் கேட்டிருக்காது.

தம்பிதான் திறந்தான். அவனாகவே. முன்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினான். அழுதுகொண்டே ராணியின் காதையும் மடக்கிக் காட்டினான். முன்வரிசை எழுந்து நின்றது. பிறகு எல்லா வரிசையும். செல்போன்கள் மேலே எழுந்தன.

மார்ச் 30, திங்கள்

இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டது. தம்பி போனில் ஒரே வார்த்தை: "கூட்டத்துக்கு நடுவுல என்னை அம்மணமா நிக்க வெச்சிட்டியே."

வைத்தேன்தான். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான்.

ஏப்ரல் 9, வியாழன்

டாக்டர் எழுதி அனுப்பியதையெல்லாம் இப்போது படிக்கிறார்களாம். வீடியோ ஊரெல்லாம் சுற்றிய பிறகு கண் தெரிந்திருக்கிறது. ராணியை யானைகள் பராமரிப்பு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் பேட்டி கொடுக்கிறார்: "பாகன் தனியா செஞ்ச தப்பு." த்தூ.

நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தப் பூங்கொத்தையும் சேர்த்து எழுதினேன்.

மே 17, ஞாயிறு

மதியம் தம்பி வந்தான். ஏழு வாரம் கழித்து. வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. தட்டை எடுத்து வைத்தேன், வந்து உட்கார்ந்தான்.

பராமரிப்பு நிலையத்தில் அவனுக்குத் தழை வெட்டுகிற வேலை. டாக்டர் சொல்லிச் சேர்த்துவிட்டிருக்கிறார். ராணியைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

"எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"மேயுறா. மண்ணை வாரிப் போட்டுக்கிறா." சோற்றைப் பிசைந்துகொண்டே, "நேத்துத் தழை போடப் போனேன்க்கா. என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கிட்டா. இடது காதை அந்தப் பக்கமா மறைச்சுக்கிட்டு நின்னா" என்றான்.

எனக்கு அவன் மேல் கோபம் தீரவில்லை. அவனுக்கும் என் மேல் தீரவில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா," என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. "என் கையை இழுத்துக் காதுல வெச்சுக்கலையே."