கழுத்தளவு தண்ணீரில் ஓர் எபிரேயச் சொல்

நானா,

இன்று காலை தேவாலயத்தில் சிரித்துவிட்டேன். சங்கீதம் வாசித்த பிள்ளை, வெள்ளம் தன் ஆத்துமா வரைக்கும் ஏறிவிட்டதென்று அழுகிற பக்தனின் பாட்டை வாசித்தாள். என் சிரிப்பில் கூரையின் ஓடுகள் கழன்றன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு ஓடியது. குறைந்தபட்சம், முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காரணம், கூடப்பிறக்காத அண்ணனான உங்களுக்குத்தான் விளங்கும். நீங்களோ மௌத்தாகி மண்ணுக்குள் போய், இதோ அடுத்த ரமழான் நோன்பும் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த எபிரேயம் மொத்தம் ஒரு சொல். அதை வைத்துக்கொண்டே திருகோணமலை முதல் மூதூர் வரை எபிரேயச் சக்கரவர்த்தியாக ஆண்டேன். இறையியல் படித்த மருமகன் சொல்லித் தந்த அந்தச் சொல் நெஃபெஷ். எங்கள் தமிழ் வேதாகமத்தில் அது பெரும்பாலும் ஆத்துமா என்றே வரும். எபிரேயருக்கோ அது முதலில் தொண்டை, கழுத்து, அதன் வழியே போய்வரும் மூச்சு. பிறகு பசி, தாகம், ஆசை. அதற்கும் பிறகு உயிர். கடைசியில் ஆளே அதுதான். உடம்பை விட்டுப் பறக்கும் புகையல்ல, பசித்து விக்கிப் பாடுகிற முழு மனிதன்.

உங்கள் சைக்கிள் கடையில், என் டயருக்கு நீங்கள் ஒட்டுப் போடும்போது இதை முழங்கினேன்.

"அட, அது எங்கட நப்சுதானே! அந்த ஆசையப் புடிச்சு அடக்கோணும் எண்டெல்லோ எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கு?"

"அறபும் எபிரேயமும் ஒன்றுவிட்ட சகோதரங்கள், நானா. இந்தச் சொல்லுப் பிள்ளையை உங்கட வீட்டில அடிச்சு வளர்த்தவை. எங்கட வீட்டில செல்லம்."

"செல்லம் குடுத்தது ஒங்கட வயித்தப் பாத்தாலே தெரியுதே."

பிறகுதான் அந்தச் சங்கீதத்தைச் சொன்னேன்: தண்ணீர் ஏறியது ஆத்துமா வரைக்கும் அல்ல, கழுத்து வரைக்கும் என்று. நீங்கள் ஒட்டுப் போடுவதை நிறுத்தினீர்கள்.

"கழுத்தெண்டா எனக்குத் தெரியும், தம்பி."

சுனாமியன்று கிண்ணியாவில், தென்னையொன்றைக் கட்டிப்பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் நின்றவர் நீங்கள். அதற்குப் பிறகு தோணியை விற்றீர்கள். பட்டினத்தில் சைக்கிள் கடை போட்டீர்கள். பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

"மௌத்தாக முந்தி ஒருக்காக் கடல்ல இறங்கோணும். கணுக்கால் நனைஞ்சவுடன கால் திரும்பிடுது."

"நான் இருக்கப் பயமேன்? நான் நீந்தினா திமிங்கலம் ஒதுங்கி வழி விடும்!"

ஒரு நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, கிண்ணியாக் கரையில் இறங்கினோம். முழங்காலில் நின்றுவிட்டீர்கள். நான் சக்கரவர்த்தி போல் கையைப் பிடித்து இழுத்தேன். இடுப்பு. நெஞ்சு. உங்கள் உதடு ஏதோ ஓதியது. விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. கழுத்து வரை போய்விட்டோம். அப்போது, தூரத்தில் துறைமுகத்துக்குள் போன கப்பலின் அலை, மெல்ல வந்து என் வாயைத் தொட்டது.

நானா, எனக்கு நீந்தத் தெரியாது. அந்த இரகசியம் அதுவரை எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். என் அலறலில் மாலைதீவில் தேங்காய்கள் உதிர்ந்தன.

ஒரு கையால் என் பிடரியைத் தாங்கினீர்கள். மறு கையின் இரண்டு விரலால் தாடையை உயர்த்தினீர்கள்.

"தம்பி, நீந்தத் தெரியாதா?"

"இல்ல..."

"அல்லாஹ்வே! திமிங்கலம் வழி விடும் எண்டீங்க? காலை ஊண்டுங்க, கீழ நிலம் இருக்கு. மூச்ச விடுங்க. ஆ, இந்தா, என்ட விரலுக்குக் கீழ, தொண்டையில, குதிக்குது ஒங்கட எபிரேயம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். என்னை முழங்கால் தண்ணீர் வரை கொண்டுவந்து விட்டீர்கள். பிறகு, யாரும் இழுக்காமல், திரும்பி நடந்து போய்த் தலைகீழாய் மூழ்கினீர்கள். வெகு தூரத்தில் எழுந்து, தலைமயிரை வழித்துவிட்டுக் கையசைத்தீர்கள். சாகும்வரை வெள்ளிதோறும் கடலில் குளித்தீர்கள்.

ஊருக்கு நான் சொல்லும் கதையில் உங்களைப் பன்னிரண்டு சுறாக்களிடமிருந்து மீட்டது நான்தான். அதை விடுங்கள்.

போன கிழமை, துணைக்கு என்னைக் கூட்டிப்போன உங்கள் மகள் ஆசுப்பத்திரி வாசலில், ஸ்கேன் எடுக்கப் பயந்து, உள்ளே போக மாட்டேனென்று நின்றாள். பழைய நானென்றால் வீரவசனம் பேசியிருப்பேன். "எனக்கும் கைகால் நடுங்குது, மகள்" என்றேன், அது உண்மையும்கூட. "இரிங்க மாமா, விழுந்திடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டு, நேரே உள்ளே போனாள். ஒன்றுமில்லையாம், பிறகு சொன்னார்கள்.

நல்ல இறுக்கமான பிடி, நானா. உங்கள் கைதான் அவளுக்கு.