மறுபூஜைக்கு முன் எடுத்த கட்டு

12 பெப்ரவரி 1956, ஞாயிறு

காலையில் புல்லெல்லாம் வெள்ளைப் பனி. ஒன்பது மணிக்குப் பிறகுதான் கரைந்தது. வலது முழங்கால் மடக்க முடியவில்லை.

செய்ய வேண்டியவை: எட்டாம் வகுப்புக் கட்டுரைகள், இன்னும் பாதி. மஞ்சள் தூள். மண்டபச் சாவி. சால்வை ஓட்டை.

வியாழக்கிழமை பள்ளியில் சரஸ்வதி பூஜை. ஐப்பசியில் நடந்திருக்க வேண்டியது. அப்போது அடைமழை, மண்டபத்தின் பின்சுவர் சரிந்து கிடந்தது. புதிய தலைமை ஆசிரியர் (த.ஆ.) காசியில் படித்தவர். அங்கே வசந்த பஞ்சமியில்தான் கலைமகளுக்குப் பூஜையாம். "நாமும் செய்வோமே" என்றார். எல்லாரும் மஞ்சள் உடுத்த வேண்டும், பாட்டு, கோலம், வீணை (இரவல், தந்தி ஒன்று இல்லை). வசந்தமாம். இங்கே பனியில் தேயிலைக் கொழுந்து கருகும் மாதம் இது.

தெய்வத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. நம்பிக்கையும் இல்லை. சாவி மட்டும் என் பொறுப்பு.

13, திங்கள்

மாலை வீரய்யாவும் அங்கம்மாவும் வந்தார்கள். நோர்வூட் பக்கத்துத் தோட்டம். அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், அவள் கொழுந்து பறிப்பவள். என் வகுப்புப் புஷ்பத்தின் பெற்றோர். உள்ளே உட்கார மாட்டார்கள், எத்தனை சொன்னாலும் வாசற்படிதான்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைப்பு. பதினேழாம் தேதி, வெள்ளி, காலை ஒன்பது மணி, நுவரெலியா. ஐந்து வருஷத்துக்கு முன் அந்த மனுவை எழுதிக் கொடுத்தது நான். வாசித்துச் சொன்னேன்.

அங்கம்மா: "இந்தத் தடவ கெடைச்சிரும்ல டீச்சரம்மா?"

வீரய்யா: "டீச்சரம்மா என்ன தொரையா? சும்மா இரு புள்ள."

கிடைக்காவிட்டால் என்ன என்று மூவருக்கும் தெரியும். அவர்களை இந்தியாவுக்கு அனுப்பலாம். புஷ்பம் டீச்சராக வேண்டும் என்கிறாள். ஆசிரிய கலாசாலைப் படிவத்தில் பெயருக்கு அடுத்த கேள்வியே பிரஜையா என்பது.

மனுவின் பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 1939இல் வீரய்யா தகப்பன் சாவுக்கு இந்தியாவில் ஊர் போய்ப் பதினாலு மாதம் தங்கியது எழுதியிருக்கிறேன். பத்து மாதம் என்று போடச் சொன்னாராம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. சத்தியம் செய்து கொடுக்கும் காகிதத்தில் பொய் எழுத மாட்டேன் என்றேன் அப்போது. சரிதான் செய்தேன்.

15, புதன்

முப்பது வெள்ளைக் கவுன்கள் மஞ்சள் தண்ணீரில். கொடியெல்லாம் மஞ்சள். சமையற்கார அம்மாள்: "பள்ளிக்கூடத்துக்கே காமாலை வந்த மாதிரில்ல இருக்கு." நாள் முழுதும் இன்று நான் சிரித்தது அப்போது மட்டும்.

என் விரல் நகங்களிலும் மஞ்சள். போகவில்லை.

16, வியாழன்

பூஜை. குளிர் காற்று, விளக்கு இரண்டு தடவை அணைந்தது. பிள்ளைகள் புத்தகம், சிலேட்டு, பேனா எல்லாம் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். த.ஆ. நீண்ட பேச்சு. வீணை மோசமில்லை.

புஷ்பத்தின் புத்தகங்களுக்கு அடியில் மஞ்சள் துணியில் ஒரு கட்டு. என்ன என்று கேட்டேன். விசாரணைக் காகிதங்கள். பிறப்புச் சான்று, தோட்டத்துப் பதிவுத் துண்டு, பழைய கடவுச்சீட்டு, எல்லாம்.

வீரய்யா: "எழுத்தெல்லாம் அந்தத் தாய்க்குள்ள அடக்கம்தானங்க. ஒரு பூச பாத்துட்டுப் போகட்டும்னு."

சாயங்காலம் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அதில்தான் சிக்கல். வடக்கு வழக்கப்படி மாலையே புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் த.ஆ. பெற்றோர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. "ராத்தங்காம எடுத்தா அது பூசையா?" ஐப்பசிப் பூஜை முறையை இதன் தலையில் கட்டினார்கள். ஐயரும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார். நாளை ஒன்பதரைக்கு, ராகு காலத்துக்கு முன், மறுபூஜை. அதுவரை யாரும் தொடக் கூடாது.

ஒன்பதரை. விசாரணை ஒன்பதுக்கு. முதல் பஸ் ஆறு மணிக்கு.

த.ஆ. என்னைப் பார்த்தார். சாவி என் இடுப்பில்.

17, வெள்ளி

ஐந்தரைக்கு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கினார்களாம். தூங்கிய முகங்கள் அல்ல.

வீரய்யா: "வேணாங்க. மறுபூச ஆகல. நான் போயி வேற தேதி கேட்டுக்கிறேன்."

அங்கம்மா: "கேட்டதும் குடுப்பானா? சரஸ்வதி நாளைக்கும் இங்கதான் இருப்பா. அந்தத் தொரை இருப்பானா?"

"வாய மூடு. புள்ள படிப்பு நாசமாப் போகும்."

"நாடே இல்லாட்டி படிச்சு எங்க வைக்கிறது?"

கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை. மேலிருந்த புத்தகங்களைத் தூக்கி மஞ்சள் துணிக் கட்டை உருவினேன். ஒரு சிலேட்டு விழுந்து மூலை உடைந்தது. குங்குமம் கையெல்லாம்.

வீரய்யா வாங்க மறுத்தார். அங்கம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் ஆறு மணி பஸ் ஏறினார்கள்.

ஒன்பதரைக்கு மறுபூஜை. நானும் நின்றேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிலேட்டுக்காரப் பெண் அழுதாள். புதியது வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

மாலை திரும்பும் வழியில் அங்கம்மா மட்டும் வந்தாள். விசாரணைத் துரை காகிதம் எல்லாவற்றையும் பார்த்தாராம். நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். "பதினாலு பதினாலுன்னு ரெண்டு தடவ சொன்னாருங்க. அப்பறம் மூடிட்டாரு."

8 மார்ச், வியாழன்

மழை இல்லை. வயிறு சரியில்லை. தேர்தல் கூட்டத்து ஒலிபெருக்கி காலையிலிருந்து.

கடிதம். வீரய்யா கொண்டுவந்தார். ஆங்கிலம். நிராகரிப்பு. காரணம் ஒரே வரி: ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்ததால் தொடர்ச்சியான வசிப்பு இல்லை. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"என்னங்க போட்டிருக்கு?"

"தள்ளிவிட்டார்கள்."

தலையை ஆட்டினார். "தெரியும்ங்க. மறுபூசைக்கு முந்தி எடுத்தது. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, உங்க மேல வருத்தமில்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேல்முறையீடு பற்றி மட்டும் சொன்னேன்.

"சாமி குத்தம் இருக்கையில எதை எழுதினாலும் நிக்காதுங்க."

படித்தவள் என்று என்னிடம் வந்தார்கள். படிவத்தைப் படித்தேன். சட்டத்தைப் படிக்கவில்லை.

14 மார்ச், புதன்

புஷ்பம் மூன்றாம் நாளாக வரவில்லை. தோட்டத்தில் அவர்களுக்குப் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்: "அவள கொழுந்து பறிக்கிற வேலைக்குப் பேர் பதிஞ்சிட்டாங்க டீச்சர். சரஸ்வதி கோவிச்சுக்கிட்டா, இனிப் படிப்பு ஏறாதுன்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு."

இரண்டு பாடவேளை என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

தெய்வம் பழியைச் சுமந்துகொண்டது எனக்கு எத்தனை வசதியாக இருந்தது.

17 மார்ச், சனி

ஏழேகால் பஸ்ஸில் நோர்வூட். அங்கிருந்து நடை. ஏற்றத்தில் முழங்கால் இரண்டு இடத்தில் நிற்க வைத்தது. மலையிலிருந்து அவர்கள் இறங்கும் வரை லயத்து வாசலில் காத்திருந்தேன்.

மூவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். பூஜையால் அல்ல, பதினாலு மாதத்தால். எழுதியது நான். சட்டம் தெரியாமல் எழுதினேன். அன்று கட்டை எடுக்காமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

வீரய்யா பொறுமையாகக் கேட்டார். பிறகு மிக மரியாதையாக: "புள்ளயத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பணும்னு நீங்க பழிய உங்க மேல போட்டுக்கிறீங்க. யாருங்க இப்படிச் செய்வா?"

மறுபடி சொன்னேன். கடிதத்தைக் காட்டி வரியில் விரல் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

அங்கம்மா நம்பினாள். அது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய்ப் பித்தளை டம்ளரில் தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவர் காதில் விழாதபடி: "மனு எழுதுங்க டீச்சரம்மா. கையெழுத்து அவருகிட்ட நான் வாங்கறேன். இந்தத் தடவ கணக்கப்பிள்ளகிட்ட காட்டிட்டு அனுப்புங்க."

எழுதுகிறேன் என்றேன். பதினாலு, பதினாலாகத்தான் இருக்கும். அதையும் அவளுக்குச் சொன்னேன்.

புஷ்பம் என் பக்கம் பார்க்கவில்லை. இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை, உள்ளே பூஜைக்குச் சாயம் போட்ட அதே கவுன். ஒரு மாத வெயிலுக்கும் அந்த மஞ்சள் போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எட்டாவது பாடம் முடிச்சிட்டாங்களா டீச்சர்?" என்றாள்.

முடிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.