எல்ஸெயின் கையெழுத்து

என் அன்புக்குரிய வாசுகி அக்காவுக்கு,

வென்றுவிட்டோம். உறுதியாகாத எதையும் நான் எழுதுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மேன்முறையீட்டின் முடிவைக் கையில் வாங்கி, இருமுறை வாசித்த பிறகே எழுதுகிறேன். என் கட்சிக்காரர் மிரியாமுக்கு, அவர் தாயார் இழந்த ஜெர்மன் குடியுரிமை திரும்பக் கிடைத்துவிட்டது.

வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சிறு விளக்கம். மிரியாமின் தாயார் எல்ஸெ, நாஜிகளிடமிருந்து தப்பி, நம்முடைய இந்த வுப்பர்டால் நகரிலிருந்து கடல் கடந்து தென்னமெரிக்காவின் மொண்டெவிடியோவுக்குப் போனவர். யூதப் பெண்களின் பெயரோடு 'சாரா' என்று சேர்க்கவேண்டும் என்பது அன்றைய கட்டளை. போய்ச் சேர்ந்த நாட்டின் பதிவாளர் அதை மட்டுமே எழுதிக்கொண்டார். எல்ஸெயும் சாராவும் ஒருவரே என்பதற்குச் சான்றில்லை என்று மகளின் விண்ணப்பம் (ஜெர்மனில் 'அன்ட்ராக்') நிராகரிக்கப்பட்டது.

"இந்த அன்ட்ராக் இனிச் சரிவராது அக்கா," என்றேன். நகர ஆவணக் காப்பகத்தில் உங்கள் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"தம்பி, இஞ்சை என்னை எல்லாரும் ஃபிரவ் கந்தசாமி எண்டுதான் கூப்பிடினம். அப்பாவின்ரை பேர். நான் எண்டைக்காவது என்னைக் கந்தசாமி எண்டு நினைச்சனானோ? அவவும் அப்பிடித்தான் இருந்திருப்பா. பேரை விடு, கையெழுத்தைத் தேடுவம்."

நோய் உங்களை வாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஆயினும் வெளியேறும் அனுமதிக் கோப்புகளை நீங்களே ஒவ்வொன்றாகத் திறந்தீர்கள். ஒன்றின் அடியில் எல்ஸெயின் கையெழுத்து இருந்தது. 'சாரா' என்பதை வேறு மையில், வேறு கையால் யாரோ இடையில் செருகியிருந்தார்கள். மிரியாம் அனுப்பிய, தாயாரின் பிரார்த்தனைப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும் அதே கையெழுத்து, அதே வளைவு.

எல்ஸெ அந்தப் பெயரை எழுத மறந்தாரா, மறுத்தாரா? சட்டப்படி என்னால் சொல்ல முடியாது என்றேன்.

"மறக்கேல்லையடா. பேனையை எப்பிடி அழுத்தியிருக்கிறா, பார்."

அந்த இரு கையெழுத்துகளையும் இணைத்தே மேன்முறையீடு செய்தேன். பதில் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இன்னும் சில வாரங்கள் இருந்திருக்கக் கூடாதா?

போன வாரம் மிரியாம் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், தாயார் போய்வந்த தொங்கு ரயிலில் சன்னலை விட்டு நகரவே மறுத்தார். பிறகு உங்களிடம் அழைத்துவந்தேன். நான் பூ வைத்தேன். அவர் தம் மரபுப்படி ஒரு கூழாங்கல்லை வைத்தார். மயான அலுவலகம் நட்ட பலகையில் 'கந்தசாமி' என்பது மட்டுமே பெரிதாகத் தெரிந்தது.

"இது யார்?" என்று கேட்டார்.

"எங்கள் அப்பா."

"அப்படியானால் வக்கீல் ஐயா, நாம் தவறான ஆளுக்குக் கல் வைத்துவிட்டோமா?" என்றார். உங்களருகில் நின்று இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

மயான விதிகளை முழுவதும் வாசித்துவிட்டேன், அக்கா. தடை எதுவுமில்லை. நிரந்தரக் கல் வரும்போது அதில் முதலாவதாக, எல்லாவற்றிலும் பெரிதாக, தமிழில் 'வாசுகி' என்று இருக்கும். இது என் வாக்குறுதி. யாராவது மறுத்தால், மேன்முறையீடு செய்வேன்.

இந்தக் கடிதத்தில் நானும் அப்பாவின் பெயரைச் சேர்க்காமல், என் பெயரில் மட்டும்தான் கையெழுத்திடுகிறேன்.

உங்கள் தம்பி,
முகுந்தன்