கட்டாமல் விட்ட மணிக்கயிறு

சேசு மரி சூசை

மேனாம்பேடு, அம்பத்தூர்
23.03.2026, திங்கள்

அன்பு மகன் பெனிட்டோவுக்கு அப்பா யூஜின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். கால்கரிப் பனியில் நீயும் எவாஞ்சலினும் குழந்தையும் சளி, இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேப்பரில் எழுதித் தபாலில் போடுகிறார் என்று உனக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது என்பது உனக்குப் பழகியதுதானே, கொஞ்சம் பொறுமையாகப் படி.

இங்கே மார்ச் முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குக் குறைவு, ஆனாலும் சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலத்துக்கும் முட்டி போட்டுத்தான் தீருவேன் என்று அடம். டாக்டர் சொன்னாரே என்றால், டாக்டரா எனக்காகச் சிலுவை சுமந்தார் என்று கேட்கிறாள். ஹெலினா ஐயப்பன்தாங்கலிலிருந்து போன ஞாயிறு வந்து போனாள். உன் தங்கை இப்போது என்னையே அதட்டுகிறாள், உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே என்று. நான் இந்தத் தவக்காலத்துக்கு டீயில் சர்க்கரை போடுவதில்லை என்று ஒறுத்தல் எடுத்தேன். சுகருக்காக எப்படியும் நிறுத்த வேண்டியதை ஆண்டவர் கணக்கில் எழுதாதீர்கள் என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவள் சாம்பல் புதன் முதல் கவுச்சியே தொடவில்லை. முதல் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் எடுத்து வந்துவிட்டாள். வாசலிலேயே ஞாபகம் வந்து, உன் அம்மாவைப் பார்த்து, “ஐய செலினு, உங்க நோம்ப மறந்துகினு எத்துகினு வந்துட்டேனே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் வீட்டுக்காரர் ஜம்புலிங்கத்துக்கு அன்றைக்கு இரண்டு பங்கு.

தவக்காலம் வந்தால் எனக்குப் பழைய கோயில்தான் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், மண் தரையும், பக்கத்தில் தனியாக நாலு இரும்புக் கம்பத்தில் நின்ற மணிக்கூண்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட் லேத்துப் பட்டறையில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருவேன். உன்னை முன் பாரிலும் ஹெலினாவைப் பின்னாலும் உட்கார வைத்துக்கொண்டு சிலுவைப்பாதைக்குப் போவோம். உள்ளே அனல், வேர்வை, மெழுகுவர்த்தி வாசனை. நீ ஒவ்வொரு ஸ்தலத்திலும் என் சட்டையை இழுத்து இன்னும் எத்தனை என்று கேட்பாய். பதினோராம் ஸ்தலத்தில் ஒருநாள் நின்றபடியே தூங்கி முன்னாலிருந்தவர் முதுகில் சாய்ந்தாய். பெரிய வெள்ளி மதியம் அண்டாவில் காய்ச்சிய கஞ்சியைத் தேங்காய்த் துவையலோடு வாங்கிக் கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து குடிப்போம், நீ என் பங்குத் துவையலையும் நக்கிவிடுவாய். இப்போது கோயில் டைல்ஸ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது, பாட்டெல்லாம் டிவி திரையில் வருகிறது. நல்லதுதான். ஆனால் எனக்குப் பக்தி வரவழைக்க அந்தப் புழுக்கம் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

போன வெள்ளிக்கிழமை நம் அன்பியக் கூட்டம் நம் வீட்டில் நடந்தது. அன்பியம் என்றால் தெருவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி வேதாகமம் வாசித்துச் சிந்திப்பது. உனக்குத் தெரியும், எவாஞ்சலின் பிறந்த சபையில் இந்தப் பெயர் இல்லை, அவளுக்குப் படித்துக் காட்டும்போது புரிய வேண்டும் என்றுதான் இப்படி விளக்கி எழுதுகிறேன். பங்குசாமி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பகுதி கொடுத்திருந்தார். எனக்கு வந்தது பேதுரு ஆண்டவரை மறுதலித்த பகுதி, லூக்கா எழுதியது. எனக்கு அல்வா மாதிரி. முப்பது வருஷமாகப் பெரிய வெள்ளிப் பாடுகளின் வாசகத்தில் பேதுருவின் வசனத்தை மைக்கில் வாசிக்கிறவன் நான்தானே. அம்மா வாசித்தாள், நான் விளக்கினேன். முற்றத்து நெருப்பு, வேலைக்காரப் பெண், மூன்று தரம் தெரியாது என்றது, சேவல் கூவியது, ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தது என்று முழங்கிக்கொண்டிருந்தேன். கன்னியம்மாள் எப்போதும் போல வாசல் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாள், “திரும்பிப் பாத்தாரே, இன்னா சொன்னாரு?” ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான் என்றேன். “ஒண்ணுமே சொல்லலியா? அதுக்கு நாலு வார்த்த திட்டியிருக்கலாம். அந்த ஆளு எப்பிடித் தாங்கினாரு?” என்றாள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி உன் அம்மாவை முடிக்கச் சொன்னேன். எனக்கு உன் முகம் வந்துவிட்டது பெனிட்டோ.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். இரண்டாயிரமாவது வருஷம், ஜூபிலி ஆண்டு. உனக்குப் பதின்மூன்று வயது, பூசைக்கு உதவி செய்யும் பீடச் சிறுவனாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் பங்குப்பேரவைச் செயலாளர். பெரிய வியாழன் பூசையில் உன்னதங்களிலே பாடும்போது கோயிலில் உள்ள எல்லா மணியையும் அடிப்போம், பாட்டு முடிந்ததும் மணி ஓய்ந்துவிடும். பிறகு சனிக்கிழமை இரவு பாஸ்காப் பூசை வரைக்கும் மணிச் சத்தம் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். யாரும் தெரியாமல் இழுத்துவிடக் கூடாது என்று பெரிய மணியின் கயிற்றைச் சுருட்டி மேலே கொக்கியில் கட்டி வைப்பது என் பொறுப்பு. கயிறு கட்டியிருந்தால் தொடாதே, தொங்கினால் அடிக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அந்த வருஷம் சாமியார் பாதம் கழுவுவதற்கு எடுத்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தன். லேத்து எண்ணெயும் இரும்புத்தூளும் ஏறிப்போன காலை மூன்று நாளாகச் சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, அம்மாவிடம் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கழுவுவதற்கென்று போகிற காலை இவ்வளவு கழுவிக்கொண்டு போகிற ஜனம் நாம்தான். மணி அடித்து முடித்துக் குனிந்து பார்த்தால் கூண்டின் கீழே இருந்த புழுதியெல்லாம் என் பாதத்தில். இந்தக் காலையா சாமியார் தொடுவார் என்று குழாயடிக்கு ஓடினேன். கயிறு தொங்கினபடி தொங்கியது. மறுநாள் மதியம் வரைக்கும் அது என் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் மூன்று மணி வழிபாட்டில் ஆண்டவர் தலை சாய்த்து உயிர் விட்ட இடம் வந்ததும் எல்லோரும் முழங்காலில் விழுந்தோம். அந்த அமைதியில் மணி ஒரு அடி அடித்தது. இடைவெளி விட்டு இன்னொரு அடி. துக்க மணி. அப்போதெல்லாம் நம் பங்கில் யாராவது இறந்தால் அவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி அடிப்போம். நான் மைக்கை விட்டு ஓடி வந்து பார்த்தபோது நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாய். ஐந்தாவது அடி முடிந்திருந்தது. ஆண்டவருக்கு முப்பத்துமூன்று அடிக்கப் போயிருக்கிறாய் என்று விளங்கவே எனக்கு வெகுகாலம் பிடித்தது. அப்போது கன்னத்தில் ஒன்று விட்டேன். வழிபாடு முடிந்து பேரவை ஆட்கள் சுற்றி நிற்க, கயிற்றை அவிழ்த்தது யார் என்று அப்போதிருந்த சாமியார் கேட்டார். “நான் நேத்தே கட்டிட்டேன் சாமி, இவன்தான் அவுத்திருக்கான்” என்றேன். கட்டவில்லை என்பது தொங்கும் கயிற்றைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே சொன்னேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு சாமியாரிடம், “ஆமா சாமி, நான்தான் அவுத்தேன்” என்று சொன்னாய். ஜனமெல்லாம் வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்து முடிகிறவரை பீடத்தின் முன் முட்டி போட வைத்தார்கள், பீடச் சிறுவர் உடுப்பையும் வாங்கிக்கொண்டார்கள். பயத்தில் ஒப்புக்கொண்டான், நல்லதாகப் போயிற்று என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ பின் வரிசைக்குப் போனாய், பின் வரிசையிலிருந்து வாசலுக்குப் போனாய். இரண்டு வருஷம் முன்பு வந்தபோது நாங்கள் எல்லோரும் பூசையில் இருக்க, நீ சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கனடா போய்க் கெட்டுவிட்டான் என்று மனசில் கனடாவைத் திட்டினேன், எவாஞ்சலினின் சபையையும் சேர்த்துத் திட்டினேன். அவளிடமும் இதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இருபத்தாறு தவக்காலமும் போனவன்தான். கோபம், ஜெபத்தில் பராக்கு, சில்லறைப் பொய் என்று ஒரே பட்டியலை ஒப்பித்துவிட்டு வருவேன், இதை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதிருக்கிற பங்குசாமி உன்னைவிடச் சின்னவர். முழுதாகக் கேட்டார். “ஆண்டவர் மன்னிச்சிட்டாருங்கய்யா. பரிகாரத்துக்கு ஜெபம் எதுவும் சொல்ல வேணாம். உங்க மகன்கிட்ட இத நீங்களே சொல்லணும், அதுதான் பரிகாரம்” என்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை பத்துத் தரம் சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

நேற்று நீ போன் செய்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டாய், வெயில் அதிகம் என்றேன், அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய், கொடுத்துவிட்டேன். நீ வைத்த பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைக் கட்ட மறந்ததை அவளிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அவள் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அன்னிக்கே தெரியும், புள்ள சொன்னான் என்றாள். பெரிய வெள்ளி சாயங்காலம் உன் கன்னத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவும்போது நீ சொன்னாயாம். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அப்பா எதையும் மறக்க மாட்டாரும்மா, அதனால சேசுக்கு அடிக்கணும்னுதான் கயித்த விட்டிருக்காருன்னு நெனச்சேன். இப்ப கயிறு கட்டாமத்தான் இருந்துச்சுன்னு நான் சொன்னா அப்பாவக் கமிட்டியில இருந்து எடுத்துடுவாங்க. நீ யார்கிட்டயும் சொல்லாத, அப்பாகிட்டயும்.” நீ சத்தியம் வாங்கிக்கொண்டாய் என்று இருபத்தாறு வருஷம் என்னிடமே மறைத்திருக்கிறாள். வாக்கை மீறியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நான் உட்கார்ந்து அழுதேன் பெனிட்டோ. நீ பயந்து ஒப்புக்கொண்டாய் என்று நினைத்தேனே, அந்த ஆறுதலும் போய்விட்டது. அடி வாங்கிய கையோடு என் மானத்தை நீ காப்பாற்றியிருக்கிறாய். அந்த நாற்காலியில் அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

வருகிற வெள்ளி அன்பியத்தில் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன். அன்றைக்குச் சுற்றி நின்ற பேரவை ஆட்களில் இரண்டு பேர் நம் அன்பியத்தில் இருக்கிறார்கள், இன்றுவரை உன்னை மணியடித்த பையன் என்றுதான் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். பேதுருவின் வசனத்தை இந்த வருஷம் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிச் சாமியாரிடம் கேட்டேன், இந்த வருஷம்தான் நீங்க வாசிக்கணும் என்றுவிட்டார். உன்னைத் திரும்பக் கோயிலுக்குப் போ என்று சொல்ல இதை எழுதவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போகிறதும் போகாததும் உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கட்டும், நான் குறுக்கே நின்றது போதும்.

குழந்தையை வெளியே கூட்டிப் போகும்போது காதை மூடச் சொல்லி அம்மா சொல்கிறாள். எவாஞ்சலினை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும் சொல்கிறாள். எப்போதும் கடைசியில் உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து முடிப்பேன். இந்தத் தடவை உங்கள் மூவர் நெற்றியிலும் அம்மா வரைகிறாள். நான் உன்னிடம் கேட்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன். அப்பாவை மன்னித்துவிடு ராசா.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எனக்காகப் பொறு. எழுதியதை என் வாயாலும் சொல்ல வேண்டும். அப்போது நீ ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடாதே. திட்டினாலும் சரி, ஏதாவது பேசு.

உன் அப்பா,
யூஜின்